கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வீட்டுக் கருவிகளைப் பராமரிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. சுத்தியல், துளை போடும் மெஷின், ஏணி என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டு வந்தவர், மரம் அறுக்கும் செயின்சாவுக்கு வந்ததும் நான்கே வரியில் முடித்துவிட்டார். பரவாயில்லை, பக்கத்தில் இடம் இருந்திருக்காது. ஆனால் அந்த நான்கு வரியில் ஒன்று, மெஷின் கிளம்பாவிட்டால், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரில் இருக்கும் சின்ன ஸ்குரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்க்கச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் சின்ன இன்ஜின்களைப் பழுது பார்க்கிறவன். செயின்சா, புல் வெட்டும் மெஷின், மருந்து அடிக்கும் மெஷின், கையடக்க ஜெனரேட்டர், இவைதான் என் பிழைப்பு. இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. என் மேசைக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றாக இருக்கும், வைத்தியம் வேறொன்றாக நடந்திருக்கும். அந்த வைத்தியத்துக்கு முக்கால்வாசி நேரம் ஒரே பெயர்தான்: ஸ்குரூடிரைவர்.

அடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொழில் பழகிய இரண்டாம் வருடம். எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் வெளியே போயிருந்த நேரத்தில் ஒருவர் செயின்சா கொண்டுவந்தார். ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை, புகை அதிகம் என்றார். கிளப்பிப் பார்த்தேன். முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 'கொர்கொர்' என்று தொண்டை அடைத்த மாதிரி சத்தம். பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. புரிந்தது வரைக்கும் சரி. ஏன் அதிகமாகப் போகிறது என்று யோசிக்கவில்லை. எச் என்று குறித்திருக்கும் ஸ்குரூவை, அதாவது முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிற ஸ்குரூவை, கால் சுற்று உள்ளே திருகினேன். சத்தம் கத்தி மாதிரி தெளிந்தது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் பெருமை.

மூன்றாம் நாள் மெஷின் திரும்பி வந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் அசையவே இல்லை. சைலன்சரைக் கழற்றி அந்தத் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல், ரிங் அதன் பள்ளத்திலேயே அப்பிப் போயிருந்தது. சீஸ் ஆகிவிட்டது, அதாவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் திட்டவில்லை. வந்தவரிடம், இடையில் மெஷினுக்கு ஏதாவது செய்தீர்களா என்று மட்டும் கேட்டார். அவர், ஏர் பில்டரில் மரத்தூள் அடையாக இருந்தது, நேற்று நன்றாகக் கழுவிப் போட்டேன் என்றார். நல்ல காரியம்தான் செய்திருக்கிறார் மனிதர். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "மூக்கடைப்புக்குப் பட்டினி போட்டிருக்கிறாயே, தம்பி" என்றார்.

நடந்தது இதுதான். பில்டர் அடைத்திருந்ததால் காற்று குறைவாகப் போயிருக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகமாகத் தெரியும். நான் பில்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் பெட்ரோலைக் குறைத்தேன். அவர் பில்டரைக் கழுவியதும் காற்று முழுசாக வர ஆரம்பித்தது. பெட்ரோல் மட்டும் நான் குறைத்துவைத்த அளவிலேயே நின்றது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் எல்லாவற்றுக்கும். ஆக, பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், கூடவே ஆயிலும் குறையும். முழு வேகத்தில் நிமிடத்துக்குப் 13,000 சுற்று வரை போகிற இன்ஜின் அது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு மரத்தை அறுத்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். பிஸ்டனும் சிலிண்டரும் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். பாதியை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அந்தப் பழைய பிஸ்டனை இன்னும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

உங்கள் கட்டுரையாளர் சொல்கிற மாதிரி திருகுகிறவர்களுக்குச் சத்தம்தான் வழிகாட்டி. அதுதான் ஆபத்தே. எரிபொருள் குறைவாகப் போகிற இன்ஜினின் சத்தம் காதுக்கு அருமையாக இருக்கும். சரியாக அமைந்த செயின்சாவோ, மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுத்தால் லேசாகக் கரகரக்கும். மரத்தில் வைத்து பாரம் ஏறியதும் அந்தக் கரகரப்பு போய் சத்தம் சுத்தமாகும். சும்மா ஓடும்போதே வீணை மாதிரி இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இந்த வித்தியாசம் என் காதில் ஏறவே பல வருடம் ஆனது. அப்புறம், இப்போது வரும் மெஷின்கள் சிலவற்றில் அந்த ஸ்குரூக்களே கிடையாது. ஸ்டில் கம்பெனியின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா கம்பெனியின் ஆட்டோட்யூன் மாதிரியானவை கலவையைத் தாமே அமைத்துக்கொள்ளும். அதை வாங்கியவர் கட்டுரையைப் படித்துவிட்டு எந்த ஸ்குரூவைத் தேடிக் கழற்றுவாரோ தெரியவில்லை.

சரி, திருகக் கூடாது என்றால் என்னதான் செய்வது? நான் செய்கிற வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். நல்ல பெட்ரோலின் வாசனை மூக்கில் ஏறும். பழசானது வார்னிஷ் மாதிரி மந்தமாக இருக்கும். பெட்ரோலில் எளிதில் தீப்பிடிக்கிற லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது பிசினாகக் கார்புரேட்டரின் ஊசித் துளைகளில் உட்கார்ந்துகொள்ளும். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது என் கணக்கு. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் ஒரு தொல்லை உண்டு. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்று சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்குக்குள் பெட்ரோலை உறிஞ்சுகிற பில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். ஆயிலோ பெட்ரோலோடு மேலேயே நிற்கும். இன்ஜின் குடிப்பது ஆயில் இல்லாத தண்ணீர். ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், நடுவில் கோடு தெரியும். பல கம்பெனிகளின் கையேடுகளில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

ஆயில் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 5 லிட்டருக்கு 100 மி.லி. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி. அவ்வளவுதான் கணக்கு. எதற்கும் கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று ஊற்றுகிறவர்கள், இன்ஜினுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். அதே சொட்டில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது என்று நினைத்துப் பார்ப்பதில்லை. மிச்ச ஆயில் கரியாகிச் சைலன்சர் வலையை அடைக்கும். டேங்கிலேயே ஆயிலை ஊற்றிக் குலுக்குவதும் கூடாது. தனிக் கேனில் கலந்து, ஒவ்வொரு தடவை ஊற்றுவதற்கு முன்பும் கேனை ஆட்டிவிட்டு ஊற்ற வேண்டும்.

அடுத்து மூடி. இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. ஒருவர் மெஷின் கொண்டுவந்தார். பத்து நிமிடம் அருமையாக ஓடுகிறது, அப்புறம் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் கழித்து இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது என்றார். அதற்குள் இரண்டு இடத்தில் காட்டி, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் சூடானால் வேலை செய்யவில்லை என்று சொல்லி இரண்டு தடவை காயில் மாற்றியிருக்கிறார்கள். ஓடவிட்டேன். அவர் சொன்ன மாதிரியே நின்றது. நின்ற உடனே, வேறெதையும் தொடாமல், டேங்க் மூடியை அரைச் சுற்று தளர்த்தினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் அவருக்கே கேட்டது. மூடினேன், இழுத்தேன், கிளம்பியது.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று டேங்குக்குள் போக வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார்கள். சில மெஷினில் அது மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் டேங்கிலிருந்து வருகிற தனிக் குழாயில். அதில் தூசி அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வர மறுக்கும். சும்மா வைத்திருந்தால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போய்ச் சரியாகிவிடும். அந்த அரை மணி நேர ஓய்வின் ரகசியம் அவ்வளவுதான். மூடியைத் தளர்த்தியும் கிளம்பவில்லை என்றால், இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஸ்பார்க் பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது பொறி இல்லை, ஆறியபின் இருக்கிறது என்றால் மட்டும் காயிலைச் சந்தேகப்படலாம். அவருடைய மெஷினில் அந்தத் துளையைச் சுத்தம் செய்ய எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. கழற்றிப் போட்ட இரண்டு பழைய காயிலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், பாவம்.

டேங்குக்குள் கிடக்கும் பில்டரை வளைந்த கம்பியால் வெளியே இழுத்துப் பார்க்கலாம். கறுத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள், கழுவி மாளாது. அதோடு சேர்ந்து வருகிற ரப்பர் குழாயை விரலில் வளைத்துப் பாருங்கள். டேங்கைத் துளைத்து வெளியே வருகிற இடத்தில்தான் வெடிப்பு விடும். நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது.

பிளக்கைக் கழற்றினால் இன்ஜின் தானே வாய் திறந்து பேசும். நிறைய தடவை இழுத்த பிறகும் பிளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பெட்ரோல் மூழ்கடித்துவிட்டது அல்லது பொறி இல்லை. இந்த மூழ்கடிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, கிளப்பும்போது காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கால் வருவது. சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றை இழுக்கும்போது, மூன்றாவதோ நான்காவதோ இழுப்பில் இன்ஜின் ஒரே ஒரு தடவை 'டுப்' என்று குரைக்கும், உடனே அடங்கிவிடும். அந்த ஒற்றைக் குரைப்பு வந்ததும் சோக்கைப் பாதியாக்க வேண்டும். பலர் அதைக் கவனிப்பதில்லை, கிளம்பப் போகிறது என்று உற்சாகமாகி அதே சோக்கில் இன்னும் பத்து இழுப்பு இழுப்பார்கள். அப்புறம் கை வலிதான் மிச்சம். அப்படி மூழ்கிவிட்டால் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, சோக்கை முழுதாகத் திறந்து, ஆக்சிலேட்டரை அழுத்தியபடி ஏழெட்டு தடவை இழுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் தெறிக்கும், முகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், பிளக் வயர் பொறி விடுகிற மாதிரி அந்தப் பக்கமாகவும் வைக்காதீர்கள். பிளக்கைத் துடைத்து, முனை இடைவெளி 0.5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்து மாட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

காயிலுக்கும், காந்தம் பதித்துச் சுற்றுகிற சக்கரமான பிளைவீலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 0.2 முதல் 0.3 மி.மீ. அளக்கும் தகடு இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் செருகி, காந்தம் காயிலை இழுத்துப் பிடித்ததும் ஸ்குரூவை முறுக்கி, கார்டை உருவிக்கொள்ளலாம். என்னிடம் கார்டு கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது எங்கே பயன்படுகிறது என்று தெரியாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவும் சரியாக இருந்தால் அமுக்கத்தை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கருவி இல்லாமலே பார்க்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டு, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். படிப்படியாக, தயங்கித் தயங்கி இறங்கினால் நல்லது. கிணற்று வாளி மாதிரி சர்ரென்று இறங்கினால் ரிங்கோ சிலிண்டரோ போய்விட்டது. அந்த நிலைமையில் எந்த ஸ்குரூவும் காப்பாற்றாது.

கட்டுரையில் செயினைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். இன்ஜினில் பவர் இல்லை என்று வருகிற மெஷின்களில் நல்ல பங்குக்கு இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது, செயின் மழுங்கியிருக்கும். மரத்திலிருந்து விழுவதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சீவல் சீவலாக விழுந்தால் செயின் அறுக்கிறது. மாவாக விழுந்தால் தேய்க்கிறது. தேய்க்கிற செயினை அழுத்தி அழுத்தி இறக்குகிறவர் கிளட்சையும், செயின் சுற்றி ஓடுகிற பட்டையான பாரையும் சேர்த்தே எரிக்கிறார்.

இந்தப் பல்லுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, 1946-ல் ஒரு மரத்தைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அது நேராகக் குடையாமல் இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கி முன்னேறியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இடப் பல், வலப் பல் என்று மாறி மாறி வருகிற, கொக்கி மாதிரி வளைந்த பல் உள்ள செயினை உருவாக்கினார். மறு வருடமே விற்பனைக்கு வந்தது. இன்று நம் கையில் இருக்கிற செயின் எல்லாம் அந்தப் புழுவின் வாய்தான்.

இரண்டு பக்கப் பல்லும் சமமாக இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். வலது கைக்காரர் ஒரு பக்கத்தை நன்றாக அரம் போடுவார், மறுபக்கத்தில் கை திரும்பாமல் இரண்டு தேய்ப்புக் குறைத்துவிடுவார். ஒரு பக்கப் பல் நீளம், மறுபக்கம் குட்டை. அறுத்தால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். அவர் பார் கோணிவிட்டது என்று புது பார் வாங்குவார். உருண்டை அரத்தின் அளவும் செயினுக்குச் செயின் மாறும். 4.0 மி.மீ. கேட்பதும் உண்டு, 4.8 கேட்பதும் உண்டு, 5.2 கேட்பதும் உண்டு. இருக்கிற அரத்தைப் போட்டுத் தேய்த்தால் பல்லின் வளைவு போய்விடும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அது பல்லைவிட 0.65 மி.மீ. போலத் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லைத் தேய்த்துக்கொண்டே போய் மேட்டை விட்டுவிட்டால் எவ்வளவு கூராக இருந்தாலும் பல் மரத்தைத் தொடாது. அந்த மேட்டைத் தாறுமாறாகக் குறைத்துவிட்டாலோ, மரத்தை ஒரே கடியாகக் கடித்து மெஷின் எகிறும். அதற்கென்று இருக்கிற அளவுத் தகடு இல்லாமல் அதில் கைவைக்காதீர்கள்.

செயினுக்கு ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு மேல், தொடாமல், ஒரு சாண் உயரத்தில் பிடித்து வேகம் கொடுங்கள். அட்டையில் கோடு மாதிரி ஆயில் தெறிக்க வேண்டும். வண்டியில் வடித்த பழைய ஆயிலை அதில் ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. அதில் இரும்புத் துகள் இருக்கும், பம்பைத் தின்றுவிடும். தோலுக்கும் அது ஆகாது. வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்டிருந்த செயின் ஆறும்போது சுருங்கி பாரையும் கிராங்க்கையும் இழுத்துப் பிடிக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் ஜெனரேட்டர் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று. பொறியே வரவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் ஆயில் குச்சியைப் பாருங்கள். பல ஜெனரேட்டர்களில் ஆயில் குறைந்தால் பொறியை நிறுத்துகிற சுவிட்ச் உள்ளே இருக்கிறது. ஆயில் சரியாக இருந்தும் மெஷினைச் சரிவில் வைத்தால்கூட அது நிறுத்திவிடும். சமதளத்தில் வைத்து ஒரு கயிறு இழுத்துவிட்டு அவரைத் திருப்பி அனுப்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. கூலி கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

கார்புரேட்டரில் நீங்களே தொடக்கூடிய ஸ்குரூ ஒன்று உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. டி (T) அல்லது எல்.ஏ. (LA) என்று குறித்திருக்கும், சும்மா ஓடும் வேகத்துக்கானது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் சுற்றிக்கொண்டே இருந்தால் இதை வெளிப்பக்கம் திருகிக் குறைக்க வேண்டும். குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வேகம் தானாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் எங்கோ காற்று கசிகிறது, திருகுவதை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கசிவோடு ஓட்டினாலும் என் மேசைப் பிஸ்டன் கதிதான். இதைச் சோதிக்கும்போதெல்லாம் மெஷின் தரையில் இருக்க வேண்டும், பின்பக்கக் கைப்பிடிக்குள் கால் நுனி இருக்க வேண்டும், கிளப்பும்போது செயின் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஒரு கையில் தொங்கவிட்டு மறு கையால் கயிறு இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

நீளமாகிவிட்டது, மன்னிக்கவும். முழுதாக வெளியிட இடம் இருக்காது என்று தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போடுவதாக இருந்தால், ஸ்குரூவைத் திருகிப் பார்க்கவும் என்ற வரியை எடுத்துவிட்டு, ஏர் பில்டரைத் திறந்து பார்க்கவும், டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்க்கவும் என்று போட்டுவிடுங்கள். அதே ஒரு வரி இடம்தான் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு சின்ன இன்ஜின் மெக்கானிக்